மயிலுக்கு விட்ட வாசல்

கோடையில வெள்ளாமை பார்க்கிறதுன்னா, பாதி நேரம் தண்ணி கட்டுறது, மீதி நேரம் கையைத் தட்டிக்கிட்டே வரப்புல ஓடுறது. மயிலோட மல்லுக்கட்டுற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்க கையும் காய்ச்சுத்தான் போயிருக்கும். தாடிக்கொம்புப் பக்கம் எங்க கிணத்துல கிடந்த கொஞ்சத் தண்ணியை நம்பி இந்தச் சித்திரையில நின்னது ஒரு துண்டு நிலக்கடலை. விக்கிறதுக்கு இல்லை, ஆடியில மேட்டுக்காட்டுல விதைக்கிறதுக்கு. அது போனா மேட்டுக்காடு தரிசுதான்.

நாகல் நகர் கடை

காய் பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் மயில் வரும். காலால மண்ணைச் சீச்சிப் பிஞ்சைப் பொறுக்கும். அடிக்கக் கூடாது, கேஸாயிரும். கேஸு இல்லேன்னாலும் எங்க வீட்டுக்காரர் கல்லெடுக்க மாட்டார்; வருசம் தவறாம பழனிக்கு நடக்கிற ஆளு. சரி, பயங்காட்டியாவது பார்ப்போம்னு நாகல் நகர்ல ஒரு கடையில மினுமினுப்பு ரிப்பன் கேட்டேன். கடைக்காரர் ரிப்பனை எடுத்துப் போட்டுட்டு உண்மையையும் சொன்னார்.

"எங்க மாமனார் தோட்டத்துலயும் கட்டியிருக்கோம்க்கா. மயிலு பயப்படலை. ரோட்டுல போறவங்கதான் என்ன விசேசம், சோறு உண்டான்னு கேக்குறாங்க."

சேலை வேலி

ரிப்பன் வாங்காமத் திரும்பிட்டேன். வீட்டுல கிடந்த பழைய சேலையை எல்லாம் குச்சி நட்டுக் கடலையைச் சுத்திக் கட்டினோம். பத்தாததுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பால்ராசு வீட்டுல வாங்கினேன். எனக்குக் கொழுந்தன் முறை, வாய் சும்மா இருக்காது. காத்துல சேலை படபடன்னு அடிக்க, மயிலுக தூர நின்னு கழுத்தை நீட்டிப் பார்த்துட்டுப் போயிருச்சுக. விதை தப்பிச்சுதுன்னு நினைச்சேன்.

"மதினி, உங்க சேலையைப் பாத்தா அண்ணனே பயப்படுவாரு, மயிலு எம்மாத்திரம்?"ன்னான் பால்ராசு.

அடை

கடலைக்கும் ஓடைக்கும் நடுவுல, சேலைக்கு உள்பக்கமா, புல்லு காய்ஞ்சு நின்னுச்சு. கோடை மழைக்கு முன்னாடி அதை அறுத்துத் தீ வைக்கிறது வழக்கம். அருவாளோட போன எங்க வீட்டுக்காரர் அறுக்காமத் திரும்பி வந்தார். உள்ளே பெட்டை மயில் அடை கிடக்காம். இரைக்கு வெளியே போனது சேலையைப் பார்த்து மிரண்டு திரும்பாமப் போயிட்டா முட்டை வீணாயிரும்னு, அந்தப் பக்கம் ஒரு சேலையை அவிழ்த்து விட்டுட்டார்.

திரும்பக் கட்டிரணும்னு நானே போனேன். அது எந்திரிக்கலை. அசையாம என்னையே பார்த்துச்சு. கட்டாமலே வந்துட்டேன். "விதைக்கடலைக்கு என்ன சொல்றீக?"ன்னு அவரைத்தான் பிடிச்சுச் சத்தம் போட்டேன்.

"ஒத்தை உசுரு. அது எம்புட்டுத் தின்னுரப் போகுது?"

ஒத்தை உசுரு

கொஞ்ச நாள் அது மட்டுந்தான் போய் வந்துச்சு. அது நடக்கிறதைப் பார்த்து மத்ததுக்கும் பயம் தெளிஞ்சிருக்கும் போல. ஒரு நாள் மத்தியானம் கஞ்சி குடிக்க வீட்டுக்கு வந்தோம். செத்த நேரம்தான். திரும்பிப் போனா, கோழி சீச்சின குப்பைமேடு மாதிரி கிடக்கு கடலைக்காடு. அந்தச் சந்து வழியாவே நுழைஞ்சு ஒரு மயில் கூட்டம் உள்ளே நிக்குது.

சத்தம் கேட்டுப் பால்ராசு வந்தான். "ஏண்ணே, வாசல் வச்சீகளே, ஒரு கதவு வச்சீகளா?"ன்னு சிரிச்சுக்கிட்டே புல்லுப் பக்கம் போனவன் அங்கேயே நின்னுட்டான். நாய்களும் அந்த வாசல்லதான் நுழைஞ்சிருக்கு. புல்லுக்குள்ள வெறும் முட்டை ஓடு. தாய் மோட்டார் ரூம் மேல நின்னு அகவுது. பால்ராசு குரல் இறங்கிப் போச்சு.

"அதுக்கும் இல்லாமப் போச்சு, உங்களுக்கும் இல்லாமப் போச்சே மதினி."

பிடுங்கின அன்னைக்கு

வைகாசியில செடியைப் பிடுங்கினா வேர்தான் வருது. அங்கொண்ணு இங்கொண்ணு இருந்ததும் பருப்பில்லாத பொக்கு. விதைக்கு ஆகும்னு திரண்ட காயா எடுத்து எங்க வீட்டுக்காரர் துண்டுல தனியாப் போட்டுக்கிட்டே வந்தார். கடைசியில துண்டைத் தூக்கிப் பார்த்தார். மேட்டுக்காட்டுல ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அதையும் பொக்கோட கொட்டினார். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள கொடியை அள்ள ஆரம்பிச்சுட்டார்.

"கொடி மாட்டுக்கு ஆகும், எடுத்துக் கட்டு."

பயிரும் பிழைக்கணும், மயிலும் பிழைக்கணும்னு நினைச்ச எங்க காட்டுல, இந்தக் கோடைக்கு வயிறு நிறைஞ்சது, வந்த கூட்டத்தை விட்டா, நாய்க்கும் மாட்டுக்கும்தான்.