மேசைக்கடியில் எனக்கிருந்த வேலை

என் அக்கா சாப்பிடத் தொடங்குவதைப் பார்க்கலாம், முடிப்பதைப் பார்க்கலாம். நடுவில் நடப்பது யார் கண்ணுக்கும் பிடிபடாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனி ஒன்றில் அவள் மூன்று வருடமாக வேலை பார்த்துவந்தாள். அங்கே சாப்பாட்டுக்கு விடுவது அரை மணி நேரம். லைனை விட்டு வந்து, மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, கேன்டீன் வரிசையில் நின்று, திரும்பி வந்து மறுபடி அங்கியைப் போட்டுக்கொள்வதெல்லாம் அதற்குள் அடக்கம். மிச்சமிருக்கும் ஏழெட்டு நிமிடத்தில் சாப்பிட்டுப் பழகிய கை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்தாலும் அப்படியேதான் ஓடியது. “யாராவது புடுங்கிக்கினு போயிடப் போறாங்களா?” என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் அக்கா தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம். அதற்கு முன் இரண்டு வீட்டார் வந்து, பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டுப் போய், அப்புறம் ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் “இன்னா ஆச்சு?” என்று கேட்டே அம்மாவை நோகடித்தார்கள். அதனால் மூன்றாவது வரனைக் குன்றத்தூர் மலைக்கோயிலில் வைத்துப் பார்ப்பது, பிறகு கீழே ஓர் ஓட்டலில் டிபன் சாப்பிட்டபடி பேசிக்கொள்வது என்று முடிவானது. யாராவது கேட்டால் சாமி கும்பிடப் போனோம் என்று சொல்லிவிடலாம். கோயிலைப் பற்றி அம்மாவுக்குக் கவலை இல்லை. ஓட்டலை நினைத்துத்தான் பயந்தாள். இந்த வேகத்தில் தின்கிற பெண்ணை எந்த மாமியார் ஒப்புக்கொள்வாள்?

முதல் நாள் சாயங்காலம் வீட்டில் ஒத்திகை நடந்தது. அக்காவின் பக்கத்தில் என்னை உட்கார வைத்து அம்மா வேலையை விளக்கினாள். “அவ வேகமா வாய்ல போட்டானா நீ கால்ல ஒரு ஒத ஒதைக்கணும். யாருக்கும் தெரியக் கூடாது, இன்னா?” எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்கள் காரியத்தில் எனக்கென்று ஒரு பொறுப்பு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. அக்காவும் சிரித்துக்கொண்டே உதை வாங்கினாள். முதல் இட்லிக்கு நான்கு உதை, இரண்டாவதற்கு இரண்டு. தேறிவிடுவாள் என்று அம்மா சொன்னாள்.

அந்த மாதம்தான் கம்பெனியில் அவளை லைன் லீடர் ஆக்கியிருந்தார்கள். வெள்ளைத் தொப்பி போய் நீலத் தொப்பி வந்தது. பன்னிரண்டு பெண்கள் அவள் சொல்கிறபடி வேலை செய்வார்களாம். தொப்பியைத் துவைத்துக் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவைப்பாள், என்னைத் தொடவிடமாட்டாள். அவள் இல்லாதபோது நான் போட்டுப் பார்த்துக்கொள்வேன். அப்பாவுக்கு நீலமும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான். மகளுக்கு இருபத்துநான்கு வயது முடிகிறது என்பது மட்டுமே அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை தன் அம்மாவோடு வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்தார். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. தரையைப் பார்த்தே பேசினார், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஓட்டலில் ஆறு பேர் மேசை கிடைத்தது. அம்மா சுவரோரம், நடுவில் நான், ஆள் நடக்கும் வழிப் பக்கம் அக்கா. எதிரே அவர்கள் இருவரும், அவர்களோடு அப்பாவும். நான் என் வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக இருந்தேன்.

அக்காவுக்கு நெய் ரோஸ்ட் வந்தது. நகத்தளவு பிய்த்து, சட்னியில் தொட்டு, வாயை மூடி மென்றாள். அப்படி அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு வேலையே இல்லாமல் போனது. அம்மாவின் முகத்தில் மெல்ல ரத்தம் ஊறியது. மாப்பிள்ளையின் அம்மாவும் அதைக் கவனித்துவிட்டுத் திருப்தியாக இட்லியில் கை வைத்தார்.

“பொண்ணு அமைதியா கீது, எனக்குப் புடிச்சிருக்குதுண்ணா,” என்று அப்பாவிடம் சொன்னார். “ஒண்ணே ஒண்ணு. எங்க வூட்ல பொம்பளைங்க வேலைக்குப் போற பழக்கம் இல்ல. நிச்சயத்துக்கு முன்னயே நின்னுட்டா நல்லது.”

அக்கா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. எங்கள் நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு அவர் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தார், உள்ளே போகும் கார்களுக்கு வணக்கம் சொல்கிற அதே குரலில் சொன்னார்: “அதுக்கு இன்னாம்மா, நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துடும். நாங்க சொன்னா சரின்னுடும்.”

அக்காவை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை.

அப்போது என் வலது கால் மேல் அவளுடைய புதுச் செருப்பு வந்து உட்கார்ந்தது. லேசாக அல்ல, அழுத்தி. நான் இழுத்துப் பார்த்தேன், முடியவில்லை. மேலே பார்த்தால் அக்காவின் கை லைனில் ஓடுவது போல ஓடிக்கொண்டிருந்தது. ரோஸ்ட்டை நாலாக மடித்தாள், நாலு வாய், முடிந்தது. வடையை இரண்டாகப் பிய்த்துச் சாம்பாரோடு உள்ளே தள்ளினாள். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் இடது காலை நீட்டினேன், அதையும் சேர்த்து மிதித்துக்கொண்டாள். எனக்கு வலித்தது. ஆனாலும் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா முதல் இட்லியைக்கூட முடிக்கவில்லை, அக்கா எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

“பொண்ணுக்கு ரொம்பப் பசி போல கீது,” என்றார் அந்த அம்மா. மாப்பிள்ளையின் தட்டும் எப்போதோ காலியாகியிருந்தது. அதை ஒருவரும் சொல்லவில்லை.

பெண்ணுக்கு நிதானம் போதாது என்று நான்காம் நாள் சொல்லி அனுப்பினார்கள். அப்பா வெகுநாள் அக்காவோடு நேராகப் பேசவில்லை. அவள் எதிரிலேயே நிற்க, “பஸ்ஸுக்கு நேரமாச்சான்னு கேளு” என்று என்னிடம் சொல்வார். அவர் சோறு தின்னும்போது தலை நிமிராமல் இருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது. கம்பெனி மூடும் நாள் வரைக்கும் அக்கா அந்த நீலத் தொப்பியோடுதான் வேலைக்குப் போனாள். கல்யாணமும் பிறகு நடந்தது, தாமதமாக.

ஓட்டலிலிருந்து திரும்பிய அன்று அம்மாவின் கோபமெல்லாம் என் மேல்தான் விழுந்தது. பஸ்ஸில் ஏறியதிலிருந்து பிள்ளைப்பாக்கம் வரும்வரை, “ஒரு கால ஆட்டத் தெரியல உனக்கு, நீயெல்லாம் இன்னாத்துக்குப் பொறந்த,” என்று திட்டிக்கொண்டே வந்தாள். காலை அசைக்கவே முடியவில்லை என்று அழுதுகொண்டு சொன்னேன். அம்மா நம்பவில்லை. முன் சீட்டில் இருந்த அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, எனக்காக ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. புதுச் செருப்பாயிற்றே, தெரியாமல் மிதித்திருப்பாள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று விளக்கு வைத்ததும் அக்கா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். செருப்பின் விளிம்பு பதிந்து விரல்கள் சிவந்திருந்தன. ஒவ்வொரு விரலாகத் தடவிவிட்டாள். தடவும்போதே அவள் கண்ணீர் என் காலில் விழுந்தது. வந்த மாப்பிள்ளை கைநழுவிப் போய்விடுவானே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்குத் தாங்கவில்லை. அவள் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் சொன்னேன்.

“அழுவாதக்கா. அடுத்த வாட்டி நான் இன்னும் பலமா ஒதைக்கிறேன்.”