லேஞ்சிக்குள் சொன்ன விலை

செய்தி வந்தபோது நான் ஹாங்காங்கில், லாம் பெரியவரின் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். இரத்தினபுரியிலிருந்து என் தம்பி ட்ரங்க் கோல் எடுத்திருந்தான். கோடு கரகரத்தது. "நானா, பழனியண்ணன் மௌத்தாகிட்டாரு. காலையில கடையத் தொறந்து, சாமிப் படத்துக்குப் பூ வெச்சிட்டுக் கதிரையில உக்காந்தவருதான், எழும்பவே இல்ல" என்றான். இன்னாலில்லாஹி என்று வாய் தானாகச் சொல்லியது. "என்ன சட்டை போட்டிருந்தாரு?" என்று கேட்டேன். "வெள்ளதான். கஞ்சி போட்டது" என்றான். எனக்கு அந்த நேரத்திலும் ஒரு நிம்மதி வந்தது. கசங்கிய சட்டையோடு எங்கும் போகிற மனிதர் அல்ல பழனிவேல்.

பதினாறாம் நாளுக்கு வெளியிடும் இந்த நினைவு மலரில் நானும் எழுத வேண்டுமென்று அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள். "அப்பா எளிமையானவருன்னு எழுதுங்க" என்றான் மூத்தவன். மன்னிக்க வேண்டும், அதை மட்டும் என்னால் எழுத முடியாது. அப்படி எழுதினால் மாலை போட்ட படத்துக்குள்ளிருந்தே என்னை முறைப்பார். தலைக்கு வாசனை எண்ணெய், கையில் மடிப்புக் கலையாத கைக்குட்டை, அவர் பாஷையில் லேஞ்சி, நூறு யார் தள்ளி நிற்பவனுக்கும் கேட்கிற குரல். தற்பெருமை நிறைய. ஆனால் அந்தப் பெருமையில் ஒரு துளியும் கடன் வாங்கியதல்ல என்பது இரத்தினபுரிக் கடைவீதியில் அவரோடு வியாபாரம் செய்த உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். குருவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தாயும் தகப்பனும் பால் வெட்டியவர்கள். இவருக்குப் பால் வெட்டும் கத்தி பிடிக்கவில்லை, கங்காணியின் குரல் அதைவிடப் பிடிக்கவில்லை. இரத்தினபுரிக்கு வந்து மாணிக்கத் தரகரானார். மாணிக்கக் குழிக்காரரிடம் கல்லை வாங்கிக்கொண்டு போய் வியாபாரியிடம் காட்டி, விலை படிந்தால் தரகு வாங்குகிற வேலை. எங்கள் கடைவீதியில் ஒரு வழக்கம் உண்டு. வியாபாரி உட்கார்ந்திருப்பார், தரகர் நின்றுகொண்டிருப்பார். யாரும் எழுதி வைத்த சட்டமல்ல, ஆனால் யாரும் மீறியதுமில்லை. என் வாப்பாவின் கடைக்கு எத்தனையோ வருடம் வந்தார். "உக்காருங்க பழனி" என்று வாப்பா சொல்வார். "இருக்கட்டும் மொதலாளி, ஒரு நாளைக்கு என் சொந்தக் கதிரையில உக்காந்துக்குறேன்" என்பார். எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார், ஆனால் கால் மாற்றி நிற்பாரே தவிர உட்காரமாட்டார்.

அறுபத்து நாலில் இலங்கை, இந்தியா என்ற இரண்டு நாட்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து தோட்டத்துச் சனங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும். அவருடைய அண்ணன் தங்கை எல்லோரும் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார்கள். இவர் இங்கேதான் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார். பிரஜாவுரிமை வந்து, பிறகு கடவுச்சீட்டும் கைக்கு வந்த அன்று கடை கடையாகப் போய்க் காட்டினார். எங்கள் கடையில் வந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ரெண்டு நாடும் எங்கள அங்கிட்டும் இங்கிட்டுமாத் தள்ளிக்கிட்டுக் கெடந்தாங்க தம்பி. இப்பப் பாருங்க, நான் மூணாவது நாட்டுக்குப் போயிக் காட்டுறேன்." எந்த நாடு என்று கேட்டேன். "கல்லு விக்கிற நாடு" என்றார். ஹாங்காங் என்ற பெயரே அப்போது அவருக்குச் சரியாக வாயில் நுழையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குணபால முதலாளியின் குழியில் அந்த நீலக்கல் கிடைத்தது. பட்டை தீட்டி வந்தபோது அதைக் கையில் வைத்துப் பார்த்த எவரும் உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. நாடு வெளி வியாபாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்த காலம். ஹாங்காங்கிலும் பாங்கொக்கிலும் கல்லுக்கு என்ன விலை போகிறது என்று கடைவீதியில் தினம் ஒரு கதை வரும். ஆனால் வெளியே கொண்டுபோகிறவர்கள் கொழும்புப் பெரிய முதலாளிகள்தான். அவர்களில் ஒருவர், பெயர் வேண்டாம், காரில் வந்து இறங்கிக் கல்லைப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். பழனியண்ணன், "இதவிட ஹாங்காங்ல கூடப் போகும்ங்க" என்றார். கொழும்பு முதலாளி எங்கள் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "அப்ப நீயே கொண்டுபோய் வித்துட்டு வாயேன். தோட்டத்து ஆளுக்குக் கல்லச் சொமக்கத் தெரியும், விக்கத் தெரியுமா?"

பழனியண்ணன் குணபால முதலாளி பக்கம் திரும்பி, சிங்களத்தில் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். குணபால முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பழனி கிவ்வொத் ஹரி" என்றார். பழனி சொன்னால் சரி. அவ்வளவுதான் ஒப்பந்தம். தனக்கு வேண்டிய விலையை முதலாளி சொல்லிவிட்டார், அதற்கு மேல் வருவது எங்களுக்கு. எங்களுக்கு என்றால் அவருக்கும் எனக்கும். ஏற்றுமதி அனுமதி வாப்பாவின் கடைப் பெயரில் இருந்தது, எனக்கு ஆங்கிலம் இருந்தது. என் ஆங்கிலத்தின் மீது எனக்கு அப்போது அபார நம்பிக்கை. புறப்படும் முன் அவர் சொன்னார்: "விக்காமத் திரும்பி வந்தா நான் இந்தத் தெருவுல காலு வெக்க மாட்டேன் தம்பி. திரும்பவும் தோட்டத்துல பால் வெட்டப் போயிருவேன்." விளையாட்டாகச் சொல்லவில்லை.

விமானம் கட்டடங்களுக்கு நடுவே இறங்கியபோது நான் கலிமா சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "துணி காயப் போட்டிருக்காங்க தம்பி, கைய நீட்டினா எடுத்துறலாம்" என்றார். ஊரைப் பார்த்ததும் நான் மிரண்டுபோனேன். ஒருவரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். மீன் விற்பவனும் ஓடினான், வங்கி அதிகாரியும் ஓடினார். பழனியண்ணனுக்கோ முதல் நாளே ஊர் பிடித்துப்போனது. "இது நம்ம ஊர் மாதிரித்தான். இங்க எல்லாரும் தரகருங்க" என்று தீர்ப்பு வழங்கிவிட்டார்.

ஆனால் வியாபாரம் படியவில்லை. காரணம் ஹாங்காங் அல்ல, அவர்தான். எங்கள் பக்கத்தில் பழைய வியாபாரிகள் விலையை வாயால் பேசுவதில்லை. விற்பவர் கையும் வாங்குபவர் கையும் லேஞ்சிக்கு அடியில் போகும். விரலைப் பிடித்து அழுத்துவதுதான் பேச்சு. சுற்றி இருபது பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். பழனியண்ணனுக்கு இது வேதம். "வெலைய வாயால சொல்லிட்டா கல்லுக்கு வயசாயிரும்" என்பார். காலையில் ஒரு கடையில் சொன்ன விலை மாலைக்குள் தெரு முழுக்கப் பரவும், பிறகு அதற்கு மேல் ஒருவனும் ஏறமாட்டான் என்பது அவர் கணக்கு. ஹாங்காங்கில் கடைக்குக் கடை குளிரூட்டி ஓடியது, மேசைக்கு மேசை கணக்குப் பொறி இருந்தது, கல்லைப் பார்த்தவுடன் எல்லோர் முன்னாலும் "ஹவ் மச்?" என்று கேட்டார்கள். இவர் வாயைத் திறக்கமாட்டார். நானும் திறக்கக் கூடாது. விலை சொல்லாத வியாபாரியை எவன் உட்கார வைத்துப் பேசுவான்? ஒவ்வொரு கடையாக எழுந்து வந்தோம்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நடுத்தெருவில் நின்று, "அண்ணே, இது ஹாங்காங். இங்க எல்லாரும் வாயாலதான் வில சொல்ற. ஒங்கட லேஞ்சிய மடிச்சி வெய்ங்க" என்றேன். அவர் நிதானமாக, "கல்லு எந்த ஊருக் கல்லு தம்பி?" என்று கேட்டார். நம்ம ஊர் என்றேன். "அப்ப வெலையும் நம்ம ஊருப் பழக்கத்துலதான்" என்றார். இந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்ததற்குப் பதிலாக ஒரு பாறாங்கல்லைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று நினைத்தேன். அதையும் அவரிடமே சொன்னேன்.

அன்று பின்னேரம் நுழைந்தது லாம் என்ற பெயர்ப் பலகை போட்ட கடை. கோட்டும் டையுமாக ஓர் இளைஞர் கல்லை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நானே கண்டேன். கல் பிடித்துவிட்டது. பழனியண்ணனும் கண்டுகொண்டார். கண்டதும் ஊர் ஞாபகத்தில், குழியிலிருந்து ஏறி வந்த குணபால முதலாளியிடம் செய்வதுபோல, மேசைக்குக் குறுக்கே எட்டி இளைஞரின் கையைப் பற்றி, மேலே லேஞ்சியைப் போட்டு, விரலைப் பிடித்து அழுத்திவிட்டார்.

அந்தப் பையன் பாம்பை மிதித்தவன்போலத் துள்ளி எழுந்தான். கதிரை சாய்ந்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசல் காவலாளி உள்ளே வந்துவிட்டான். என் ஆங்கிலம் முழுவதும் அந்த நேரத்தில் என்னைக் கைவிட்டது. வழக்கம் என்று சொல்ல நினைத்து, "கஸ்டம், சேர், கஸ்டம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். சுங்கத் திணைக்களத்தைச் சொல்கிறேன் என்று நினைத்து அவன் இன்னும் பயந்தான். கல்லை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பழனியண்ணன் லேஞ்சியை மெதுவாக மடித்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குரல் உள்ளே போய்விட்டது. "வாங்க தம்பி, போவோம்" என்றார். தோட்டத்துக்குத் திரும்பிப் போகிற முகம் அது என்று எனக்குப் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் பின்னறைத் திரையை விலக்கிக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். அந்தப் பையனின் தகப்பன். வாழ்நாள் முழுவதும் ஜேட் என்கிற பச்சைக்கல் வியாபாரம் செய்தவர் என்று பிறகு தெரிந்தது. மகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. மடித்த லேஞ்சியைப் பார்த்தார். பழனியண்ணனைப் பார்த்தார். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மேசையில் கிடந்த செய்தித்தாளை எடுத்துத் தன் வலது கையின்மேல் விரித்துக்கொண்டு, அந்தக் கையை நீட்டினார்.

அவர்கள் பச்சைக்கல் சந்தையிலும் அதே வழக்கமாம். நமக்கு லேஞ்சி, அவர்களுக்குச் செய்தித்தாள். ஐந்துக்கு மேலே விரல் கணக்கு அவர்களுக்கு வேறு என்பதால், முதலில் இருவரும் மேசைமேல் விரல்களைக் காட்டி ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல மாறி மாறி ஒப்புவித்துப் பார்த்தார்கள். தேநீர் வந்தது. பிறகு கைகள் செய்தித்தாளுக்கு அடியில் போயின. ஒரு சொல் இல்லை. கிழவர் புருவத்தை உயர்த்துவார், பழனியண்ணன் கூரையைப் பார்ப்பார். மகன் எட்டி எட்டிப் பார்த்தான். ஆங்கிலம் படித்த நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா நின்றோம். கடைசியில் கிழவர் உரக்கச் சிரித்துக் கையை வெளியே எடுத்து, பழனியண்ணனின் தோளில் ஓர் அடி வைத்தார்.

தெருவுக்கு வந்ததும் அவர் என் கையைப் பிடித்து, லேஞ்சியைப் போட்டு, விலையை என் விரலில் சொன்னார். நான் திரும்பவும் சொல்லச் சொன்னேன். திரும்பவும் அதே விரல்கள். "பயந்தவன் கையி வேர்க்கும் தம்பி. அந்த ஆளுக்கும் வேர்க்கல, எனக்கும் வேர்க்கல" என்றார். அப்போது அவர் கை நனைந்திருந்தது. வேர்வை இப்போதுதான் வந்தது என்று விளக்கமும் சொன்னார்.

இரத்தினபுரி பஸ் நிலையத்தில் அவர் ஹாங்காங் கோட்டோடு இறங்கிய காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொசுக்கும் வெயில், கழற்றவே இல்லை. குணபால முதலாளி வெடி கொளுத்தினார். தோட்டத்திலிருந்து தப்பு மேளக் கோஷ்டி வந்திருந்தது. தை பிறந்ததும் கடைவீதியில் மூன்று மொழியில் பலகை ஏறியது: பழனிவேல், மாணிக்க வியாபாரி. உள்ளே ஒரே ஒரு கதிரை. வாப்பா தடியை ஊன்றிக்கொண்டு போய், "உக்காருங்க பழனி" என்றார். உட்கார்ந்தார். கடைவீதி முழுவதும் பார்க்க, காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வருடம் லாம் பெரியவர் இரத்தினபுரிக்கே வந்தார். பழனியண்ணன் வீட்டு ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் கண்ணில் நீர் வரத் தின்றார். கடை வாசலில் இருவரும் லேஞ்சிக்குள் கைவிட்டுப் பேச, தெருவே கூடியது. நம்மிடையே இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: ஒருவர் கையில் கல் இருக்கும்வரை அடுத்தவர் விலை கேட்கக் கூடாது. காரில் வந்திறங்கிய அதே கொழும்பு முதலாளி அன்று வாசலில் காத்து நின்றார். பழனியண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "உக்காருங்க மொதலாளி" என்றார். கதிரை ஒன்றுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு முக்காலி கொண்டுவரச் சொன்னார் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த நீலக்கல் என்ன விலைக்குப் போனது என்பதுதான் அன்று முதல் கடைவீதியின் பெரிய கேள்வி. பந்தயம் கட்டிக்கூடப் பார்த்தீர்கள். அவர் மனைவிக்கும் சொல்லவில்லை. வங்கியிலிருந்த யாழ்ப்பாணத்து அதிகாரிக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவர் தன் சம்பளத்தையே வீட்டில் சொல்லாத மனிதர்.

தம்பியின் செய்தி வந்த அன்று, தொலைபேசியை வைத்துவிட்டு நான் லாம் பெரியவரிடம் போனேன். இறந்துவிட்டார் என்று சொல்ல அவர் மொழி எனக்குத் தெரியாது. அவர் மகனைக் கூப்பிடத் திரும்பினேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். செய்தித்தாளை எடுத்துத் தன் கைமேல் விரித்து, நீட்டினார். உள்ளே கை கொடுத்தேன். அவர் விரல்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தன, ஐந்துக்கு மேலே நம்முடைய கணக்கில். அதே விலை. ஒரு விரல் பிசகவில்லை.

ஆகவே அன்பர்களே, பதினாறாம் நாள் வீட்டில் என்னைச் சுற்றி உட்கார்ந்து, இனியாவது சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள். பழனியண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்த விலை ஒன்றுதான். நான் அதை வாயால் சொல்லமாட்டேன். அந்தக் கல்லுக்கு இன்னும் வயதாகவில்லை.