ஒரே ஒரு தடவை கேட்டார்

என் கணவருக்கு ஒரு வியாதி. யார் எதைக் கொடுத்தாலும் முதலில் "ஐயோ, வேண்டாம்" என்பார். பந்தியில் இலையின் மேல் கையை விரித்து "போதும் போதும்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு கரண்டி பாயசம் வாங்குகிற வம்சம். நானும் அதே வம்சம்தான். ஆனால் ஜெர்மனியில் ஆஹென் நகருக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டம்மா நீட்டிய கேக்கை வேண்டாம் என்றேன். அது கண்ணெதிரிலேயே அவர் வீட்டுக்குள் திரும்பிப் போய்விட்டது. அன்றோடு திருந்தினேன். ஜெர்மனியில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அறுபதுகளின் கடைசியில், என் கணவர் அங்கே ஆராய்ச்சியை முடித்த கோடையில், அவருடைய பேராசிரியர் ஆய்வுக்கூடத்தார் எல்லோரையும் குடும்பத்தோடு பிரான்ஸின் அட்லாண்டிக் கரைக்கு அழைத்துப் போனார். மோட்டார் படகுகளை வாடகைக்கு எடுத்து, பாறைக் கரையோரமாக ஊர் ஊராகப் போவது திட்டம். எனக்கோ வேறு கவலை. அவருக்கு வேலை நீடித்தால்தான் விசா நீடிக்கும். விசா நீடித்தால்தான் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குக் கிடைத்திருந்த பயிற்சியில் சேர முடியும். கல்யாணத்துக்காகப் படிப்பைப் பாதியில் விட்டவள் நான். அந்த இடத்துக்காக ஜெர்மன் மொழியோடு மல்லுக்கட்டியிருந்தேன்.

பேராசிரியர் என் கணவரைத் தன் படகில் ஏற்றிக்கொண்டார். நான் பேராசிரியரின் மனைவியோடு பின்னால் வந்த படகில். அலை தூக்கிப் போட்டதில் குடல் வாய்க்கு வந்தது. கறுத்த பாறைகளில் கடல் மோதிய சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. முன்னால் போன படகில் இவர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நல்ல சேதிதான் என்று நினைத்தேன்.

கரையில் இறங்கியதும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"இன்னும் ரெண்டு வருஷம் இன்ஸ்டிட்யூட்லயே இருக்கியான்னு கேட்டார்."

"அப்பாடா! என்ன சொன்னீங்க?"

"ஏற்கெனவே உங்களுக்கு எவ்வளவோ தொந்தரவு குடுத்துட்டேன், வேண்டாம்னேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேக் கதை மறந்துபோச்சா? இப்பவே போய் சரின்னு சொல்லுங்க."

"நானா போய்க் கேக்கறதா? அலையறான்னு நினைப்பார். நாளைக்கு அவரே மறுபடி கேப்பார், பாரு."

"சரி, நான் சொல்லட்டுமா?"

"என் மானத்தை வாங்காதே."

வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் பேராசிரியர் மீன் பிடித்தார், பாட்டுப் பாடினார், எஞ்சின் மக்கர் செய்தபோது இவரோடு சேர்ந்து குனிந்து சரிசெய்தார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. இவரோ அவர் வாய் திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாவி மனுஷன்! ஆஹென் திரும்பிச் சில வாரம் கழித்து, வெட்கத்தை விட்டு இவரே போய்க் கேட்டபோது, அந்த இடத்தில் வேறொருவரைப் போட்டாகிவிட்டது. என் பயிற்சியும் அதோடு போயிற்று. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஊருக்குப் புறப்பட்ட அன்று பேராசிரியரின் மனைவி ரயில் நிலையத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள் கணவருக்காகத்தான் என் வீட்டுக்காரர் அந்த இடத்தைப் போராடி வாங்கினார். வேண்டாம் என்றதும் ரொம்ப வருத்தப்பட்டார். எங்களோடு இருக்கப் பிடிக்கவில்லையா?"

"பிடித்தது" என்றேன். பிறகு ஏன் வேண்டாம் என்றார் என்பது அவருக்குப் புரியவில்லை. வழியில் சாப்பிட ஒரு பொட்டலம் கேக் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வண்டி கிளம்பிய பிறகு பொட்டலத்தைப் பிரித்து, "கேக் வேணுமா?" என்று இவரிடம் கேட்டேன்.

"வேண்டாம்" என்றார்.

நான் மறுபடி கேட்கவில்லை.