காற்றுக்கு முதுகைக் காட்டிய பறவைகள்

கிடர்பூர் துறைமுகத்தில் அலை ஏற்ற இறக்க அட்டவணையோடு மாரடித்தவன் நான். எண்ணில் எழுதிக் காட்டினால்தான் எதையும் நம்புவேன், பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். அதனாலேயே இதை யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சிரிக்கலாம், பரவாயில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. துர்கா பூஜை முடிந்த வாரம், என்னோடு வேலை பார்த்த, நான் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் வங்காளி சுபிமல்தாவும் நானும் பறவை பார்க்க பக்காலி கடற்கரைக்குப் போயிருந்தோம். பூஜைக்குப் பிறகு வாடை தொடங்கினால் வடக்கிலிருந்து உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் வந்து இறங்கும், கூடவே விரிகுடாவில் ஒரு தாழ்வு நிலையும் சேர்ந்துகொண்டால் நடுக்கடலில் திரியும் ஆலாக்கள்கூடக் கரைக்கு ஒதுங்கும், அதாவது மற்றவர்கள் மூட்டை கட்டுகிற வானிலைதான் எங்களுக்கு நல்ல வானிலை. அன்று காலையும் அப்படித்தான். மூட்டம், தென்கிழக்கிலிருந்து விடாத காற்று. கடல் வற்றியிருந்தது. முழங்கால் அளவு ஓடையைத் தாண்டி மணல் திட்டுக்குப் போனோம். தண்ணீர் ஏற இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று கணக்குச் சொன்னது நான்தான்.

திட்டில் ஆயிரக்கணக்கில் பறவைகள். அவை எப்போதும் காற்றைப் பார்த்துத்தான் நிற்கும், இல்லாவிட்டால் இறகு கலைந்துவிடும். அன்றும் கடலைப் பார்த்தே நின்றன. நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, நம்பினால் நம்புங்கள், மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் திரும்பிக் கரையைப் பார்த்தது. காற்று மாறவில்லை, என் முகத்தில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. முதுகு இறகெல்லாம் பிரிந்து பறக்க, ஒன்றுகூட அசையாமல் நின்றன. பைனாகுலரைக் கரைப்பக்கம் திருப்பினேன். அங்கே யாருமில்லை.

அப்போதுதான் அந்தப் பக்கமிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, போதும், வாங்க."

அவள் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கிடர்பூர் குவார்ட்டர்ஸில் இருந்தாள். அந்தக் காற்றுக்கு எதிராக எந்தக் குரலும் எங்களிடம் வந்து சேர வழியும் இல்லை. சுபிமல்தாவைப் பார்த்தால், அவர் ஏற்கெனவே கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். நானும் ஓடினேன். ஓடையில் தண்ணீர் மார்பு வரை ஏறியிருந்தது, காற்று கடலை முன்கூட்டியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு எப்படியோ கரையேறித் திரும்பிப் பார்த்தபோது திட்டே இல்லை.

டீக்கடையில் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் மெதுவாக, உன்னை யார் கூப்பிட்டது என்று கேட்டார். மனைவி என்றேன்.

"என்னை அம்மா கூப்பிட்டாள். கோக்கா, சொலே ஆய், மகனே வந்துடுன்னு. அவள் போய் இருபது வருஷமாச்சு."

அம்மாதான் வந்து காப்பாற்றினாள் என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார், கயாவுக்குப் போய்ப் பிண்டம் வைத்துவிட்டும் வந்தார். எனக்கு அந்த வழியும் இல்லை. அன்று அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று மனைவியைக் கேட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம், என் நினைப்பே இல்லையாம். அப்படியானால் அவள் குரலில் கூப்பிட்டது எது? இன்றைக்கும் அவள் அடுப்படியிலிருந்து "ஏங்க" என்றால், எழுந்து போய் ஆள் நிற்பதைப் பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.