கலேயிலிருந்து ஓசி றோட்டால்

லண்டன் ஹவுன்ஸ்லோப் பக்கத்துத் தமிழர் யாராவது காரை எடுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போவதென்றால், முதலில் கிறிஸ்துநாயகத்துக்குத்தான் போன் எடுப்பார்கள். "அண்ணை, காசு கட்டாமல் பரிஸுக்குப் போக எது வழி?" அவ்வளவு கேட்டால் போதும். மனிதர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடங்கிவிடுவார். கடல் தாண்டிக் கலேயில் இறங்கினால் புலோன் வரைக்கும் பெருந்தெரு ஓசி. அதற்கு அங்கால் போனால் பிரெஞ்சுக்காரன் றோட்டுக் காசுக்குக் கையை நீட்டுவான். அதனால் புலோனிலேயே வெளியில் இறங்கி, மொந்த்ரெய், அபவில், பொவே என்று ஊருக்குள்ளால் போகவேண்டும். எந்த ஊரில் கமரா நிற்கிறது, எந்தச் சந்தியில் பெற்றோல் மலிவு, எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நேரம் மட்டும் கொஞ்சம் கூடப் போகும். அதை அவர் கடைசியில் மெதுவாகத்தான் சொல்லுவார்.

கோயிலில் இளசுகள் அவருக்கு 'ஓசி றோட்டு நாயகம்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். ஆள் அதற்குக் கோபிக்கவில்லை. மாறாக, மகாராணி கையால் நைற் பட்டம் கிடைத்தவர் மாதிரித் திரிந்தார்.

சிக்கனக்காரரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அவர் ஏன் அப்படி ஆனார் என்று கேட்க யாருக்கு நேரம்? மன்னார்ப் பக்கத்துப் பேசாலையில் தகப்பன் கடலோடு போனபோது நாயகத்துக்குப் பதினைந்து வயது, தங்கச்சி இம்மாகுலேற்றுக்கு ஏழு. தாயும் சில வருசத்தில் கண்ணை மூடிவிட்டாள். அன்றிலிருந்து இம்மாவுக்கு அண்ணன்தான் தாயும் தகப்பனும். தொண்ணூற்றொன்றில் லண்டன் வந்து விமான நிலையச் சரக்குக் கொட்டிலில் பெட்டி ஏற்றி இறக்கினார். இருபத்தெட்டு வருசம் அதே வேலை, அதே முதுகு வலி. அந்தச் சம்பளத்தில் தங்கச்சியை ஏஜென்சிக்காரனைப் பிடித்து நாட்டுக்கு வெளியே எடுத்தார். ஏழு மாதம் மொஸ்கோவில் ஒரு அறைக்குள் அடைந்து கிடந்து, கடைசியில் அவள் வந்து சேர்ந்தது பரிஸுக்கு. விசாவும் அங்கேதான் கிடைத்தது. அண்ணன் இந்தப் பக்கம், தங்கச்சி அந்தப் பக்கம், நடுவில் கடல் என்று ஆகிவிட்டது.

தொண்ணூற்றொன்பதில் ஒரு பழைய காரை வாங்கி, மனைவி கிளறிற்றாவையும் ஏற்றிக்கொண்டு, முதல்முறையாகத் தங்கச்சியைப் பார்க்கப் போனார். பெருந்தெருவில் காசு கட்டுகிற இடம் வந்தது. லண்டன் காருக்கு ஸ்ரியரிங் வலப்பக்கம், பிரெஞ்சுக்காரனின் மெசினோ இடப்பக்கம். கிளறிற்றாதான் ஜன்னலால் அரை உடம்பை வெளியே விட்டு எட்டினாள். கையில் பிராங்க் காசு போதவில்லை, பாங்க் காட்டை மெசின் துப்பிவிட்டது. பின்னால் இருபது கார், அத்தனையும் ஹோர்ன். ஒரு அதிகாரி வந்து, பாஷை தெரியாத இந்த இரண்டு பேரையும் ஓரத்தில் நிறுத்தி, ஏதோ கத்தி, ஏதோ எழுதி நீட்டினான். அன்றைக்குக் கிளறிற்றா அழுததைப் பார்த்துத்தான், இனி இந்த றோட்டில் கால் வைப்பதில்லை என்று நாயகம் சபதம் எடுத்தார்.

வருசத்துக்கு இரண்டு தரம், ஓகஸ்ட்டிலும் டிசம்பர் நத்தாருக்கும், ஊர் றோட்டாலேயே போய்க்கொண்டுதான் இருந்தார். இம்மாவின் வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் செய்கிற முதல் வேலை, தங்கச்சி மகள் மரினாவைக் கூப்பிட்டு, கட்டாமல் மிச்சம் பிடித்த றோட்டுக் காசை அப்படியே அவள் கையில் பொத்துவது. "இந்தா பிள்ளை, வெள்ளைக்காரனுக்குப் போகவேண்டிய காசு. நீ ஐஸ்கிறீம் குடி." மரினாவுக்கு இருபத்தாறு வயதான பிறகும் இந்தக் கூத்து நிற்கவில்லை. "அண்ணை, ஏழு மணித்தியாலம் ஓடி வந்து இருபது யூரோ மிச்சம் பிடிக்கிறியளே, உங்களுக்கு விசரா?" என்று இம்மா திட்டுவாள். திட்டிக்கொண்டே அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பை அடுப்பில் வைப்பாள்.

போன நவம்பரில், நெஞ்சில் சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போன இம்மா, எட்டாம் நாள் போய்விட்டாள். ஐம்பத்தெட்டு வயது. புருசன் ஏற்கனவே இல்லை. பிறந்த வீட்டு ஆள் என்று உலகத்தில் மிச்சம் நாயகம் ஒருவர்தான்.

"மாமா, வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு அம்மாவை வைச்சிருக்கிற மலர்ச்சாலையில பெட்டி மூடீனம். மூண்டு மணிக்குக் கோயில்ல பூசை," என்று மரினா போனில் சொன்னாள்.

"ரெண்டு மணியோ? நான் ஒரு மணிக்கே நிப்பன் பிள்ளை."

முதல் நாளே போவோம் என்று கிளறிற்றா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வியாழன் பின்னேரம் கடலுக்கடியால் காரை ஏற்றிப்போகிற றெயினுக்கு இரட்டிப்புக் காசு, வெள்ளி விடிய ஏறினால் பாதி. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. துக்கம் வந்தால் மனிதனுக்குப் புத்தி மாறும் என்கிறார்கள். எங்கே மாறுகிறது? கைப்பழக்கம் இன்னும் இறுகத்தான் செய்கிறது.

கலேயில் இறங்கும்போது அந்த ஊர் நேரம் ஒன்பது. புலோனில் பாதை பிரிகிற பலகை வந்ததும் கிளறிற்றா அவருடைய கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு ஒருநாள் காசு றோட்டால போவம். நானே எட்டிக் கட்டுறன். காட் கையில வைச்சிருக்கிறன்."

"விசரே உனக்கு? என்னட்டயே றோட்டுச் சொல்லுறாய்? ஒண்டரைக்கு முதல் அங்க நிப்பம்."

"பிந்திப்போச்செண்டால்?"

"பிந்தினால்தான் என்ன? நான் வந்து கொஞ்சாமல் இம்மான்ர பெட்டியை ஆர் மூடுறது?"

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை அவர். பேசாலையில் தாய் செத்தபோது, கொழும்பிலிருந்து தாய்மாமன் வருமட்டும் ஒன்றரை நாள் பெட்டி திறந்தே இருந்தது. சுவாமியார் வந்து நின்றார், சவக்காலையில் குழி வெட்டி முடிந்தது, பூ வாடிவிட்டது. ஒருவராவது மூடியில் கை வைக்கத் துணிந்தார்களா? பிறந்த வீட்டு ஆள் வந்து நெற்றியில் கடைசி முத்தம் கொடுக்காமல் மூடினால் அது செத்தவீடா? அப்படித்தான் அவர் கண்டிருந்தார். பரிஸிலும் செத்தவீடு செத்தவீடுதானே என்று நினைத்துவிட்டார். பிரெஞ்சு மலர்ச்சாலையில் ஒரு பிரேதத்துக்குப் பின்னால் அடுத்தது வரிசையில் நிற்கும் என்பது அவருடைய மூளையில் ஏறவேயில்லை. கார் ஊருக்குள் இறங்கியது.

அபவில் தாண்டியதும் அது தொடங்கியது. சீனி காய்ச்சுவதற்குப் பீற்றூட் கிழங்கு ஏற்றுகிற காலம். ஒவ்வொரு ட்ராக்டரும் வீட்டு உயரத்துக்குக் கிழங்கைக் குவித்துக்கொண்டு, றோட்டெல்லாம் சேறடித்து, ஊர்ந்தது. முந்த வழியில்லை. ஒன்று விலகிப் போனால் இன்னொன்று வயலுக்குள்ளிருந்து ஏறியது. ஓகஸ்ட்டிலும் நத்தாருக்கும் மட்டும் ஓடிய மனிதருக்கு நவம்பர் மாதத்து றோட்டு எங்கே தெரியப்போகிறது? அதுவும் போதாதென்று, அடுத்த ஊரின் முகப்பில் மஞ்சள் பலகையை வைத்து றோட்டை மறித்திருந்தார்கள். உள்ளே கிண்டிக்கொண்டிருந்தார்கள். மாற்றுப் பாதை வயலுக்குள்ளால் சுற்றிச் சுற்றி, முக்கால் மணித்தியாலத்தை விழுங்கிவிட்டு, பழைய றோட்டில் கொண்டுவந்து விட்டது.

ஒன்று பத்துக்கு மரினாவுக்குப் போன் எடுத்தார். "வந்துகொண்டிருக்கிறம் பிள்ளை. பார்த்துக்கொண்டிருங்கோ."

"கெதியா வாங்கோ மாமா. இவையள் நேரத்துக்கு மூடிப்போடுவினம்."

அப்போதுதான் அது நாயகத்தின் மூளையில் ஏறியது. மூடிப்போடுவார்களா? நான் வராமலா?

பொவேயில் காரைப் பெருந்தெருவுக்குள் திருப்பினார். இருபத்தைந்து வருசத்துக்குப் பிறகு. காசு கட்டும் இடத்தில் கிளறிற்றா எட்டிக் காட்டை நீட்டினாள். எவ்வளவு என்று இருவருமே பார்க்கவில்லை. தடை மேலே எழும்பியதும் அவர் மிதித்த மிதியில் பழைய கார் உதறியது. ஆனால் நேரம் இரண்டாகிவிட்டது, பரிஸ் இன்னும் எழுபது கிலோமீற்றர்.

இந்தக் காலத்துச் செத்தவீட்டில் லைவ் இல்லாமல் இருக்குமா? கிளறிற்றாவின் போனில் மலர்ச்சாலை தெரிந்தது. கனடாவில் பார்த்தார்கள், நோர்வேயில் பார்த்தார்கள், பேசாலையில் ஒன்றுவிட்ட சகோதரங்கள் வீட்டுக்குள் கூடியிருந்து பார்த்தார்கள். கார் ஓடுகிற மனிதர் பார்க்க முடியுமா? செபமாலையின் சத்தம்தான் கேட்டது. இடையில் மரினா யாருடனோ பிரெஞ்சில் கெஞ்சினாள். பாஷை விளங்காவிட்டாலும் கெஞ்சல் விளங்கியது. மறுபடியும் செபம். இரண்டேகாலுக்குச் செபம் நின்றது. ஒரு கதிரை இழுபடும் சத்தம். பிறகு பொம்பிளைகள் எல்லோரும் ஒன்றாகக் குழறி அழுதார்கள்.

கிளறிற்றா போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"மூடிப்போட்டினமோ?"

அவள் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டாள். நாயகம் றோட்டைப் பார்த்தபடியே காரை ஓட்டினார். கண்ணீர் தாடையால் வழிந்து சேட்டு நனைந்தது. துடைக்க ஒரு கையை எடுக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

கோயிலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பூசை பாதி முடிந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் பெட்டி. திருகாணி எல்லாம் இறுக்கி, மேலே வெள்ளைப் பூ. நாயகம் நடுப்பாதையால் நேரே நடந்துபோய் மூடியின் தலைமாட்டில் குனிந்து முத்தம் கொடுத்தார். வார்னிஷ் வாசம்தான் வந்தது. இந்தப் பலகைக்குக் கீழே நாலு விரல் ஆழத்தில் இம்மாவின் நெற்றி இருக்கிறது. சின்ன வயதில் காய்ச்சலுக்கு அவர் பத்துப் போட்ட நெற்றி.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சனம் சூழ்ந்துகொண்டது. "என்ன நாயகம், இப்பிடிப் பிந்திப் போச்சு?" என்று லூர்தம்மா கேட்டாள். இம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி. அத்தனை முகமும் அவரையே பார்த்தன. மனிதனுக்கு வெட்கம் வந்துவிட்டால் நாக்கு தன்பாட்டில் பேசும்.

"பெருந்தெருவில அக்சிடென்ற். ரெண்டு மணித்தியாலம் மறிச்சுப்போட்டாங்கள்."

"ஐயோ கடவுளே! விடியவே வெளிக்கிட்டும் இந்தக் கதியே! நீங்கள் என்ன செய்யிறது, உங்கட பிழையே?" லூர்தம்மா அவருடைய தோளைத் தடவினாள். யாரோ தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்கள். ஒவ்வொரு ஆறுதலும் அவருக்குச் சூடு வைத்தது. கிளறிற்றா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

மரினா சனத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவருடைய கையைப் பிடித்து, மதில் ஓரமாகக் கூட்டிப்போனாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா. பதினைஞ்சு நிமிசம் மறிச்சுப் பார்த்தனான். அடுத்த ஆக்கள் வாசல்ல நிக்கினம் எண்டு சொல்லிப்போட்டினம்."

"நீ என்ன பிள்ளை செய்வாய்?"

"முதல்ல அவையள் தந்தது பன்னிரண்டு மணி. அம்மா ஆஸ்பத்திரியில கிடக்கேக்கையே சொன்னவ, 'எனக்கு ஏதும் நடந்தால் நேரத்தைப் பிந்தி எடுங்கோ. அண்ணை காசு றோட்டால வரமாட்டார். பாவம், சுத்தித்தான் வருவார். அவர் வந்தாப் பிறகு மூடுங்கோ' எண்டு. நான்தான் அழுது மண்டாடி ரெண்டு மணிக்கு மாத்தினனான்."

நாயகம் மதிலைப் பிடித்துக்கொண்டார். சாகக் கிடந்தவள் தன்னுடைய சாவைவிட, அண்ணன் வருகிற வழியைப் பற்றியல்லவா யோசித்திருக்கிறாள்! காசு றோட்டால் வந்திருந்தால் பன்னிரண்டரைக்கு வந்திருப்பார். ஒன்றரை மணித்தியாலம் அவளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கலாம். கையைப் பிடித்திருக்கலாம், தலைமயிரை ஒதுக்கிவிட்டிருக்கலாம், இம்மா என்று கூப்பிட்டிருக்கலாம். மேலிருந்து விழுகிற மழைத்தூறலைக்கூட அவர் உணரவில்லை.

"பிள்ளை," என்றார். "அக்சிடென்ற் ஒண்டும் நடக்கேல்லை பிள்ளை."

"தெரியும் மாமா," என்றாள் மரினா.