சாவி திரும்பிய காலை

பூம்பாறையில் ஐப்பசி மழை பிடித்தால் லேசில் விடாது. அப்படியொரு மழைநாள் காலையில்தான் என் மனைவி செல்விக்கு இடுப்புவலி எடுத்தது. தலைப்பிரசவம். நாள் இன்னும் இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் நாங்கள் தைரியமாக வீட்டிலேயே இருந்துவிட்டோம். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போக என் பழைய ஜீப் ஒன்றுதான் கதி. பூண்டு மூட்டை ஏற்றுகிற வண்டி.

செல்வியை முன்சீட்டில் உட்காரவைத்துச் சாவியைப் போட்டேன். திரும்பவில்லை.

எண்ணெய் விட்டேன். ஊதினேன். தட்டினேன். ம்ஹூம்! தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வழியில்லை. சாவியை எடுத்தால் ஸ்டியரிங்கும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும் வண்டி அது. தள்ளினால் நேராகப் பள்ளத்தில்தான் போய் விழும்.

எதிர்வீட்டு ராசு அண்ணன் குடையோடு ஓடிவந்தார். "ரொம்ப முறுக்காதப்பா. சாவி ஒடிஞ்சா சோலி முடிஞ்சது! நான் வேற வண்டி கெடைக்குதான்னு பாத்துட்டு வாரேன்" என்று மழையில் இறங்கிப் போனார்.

"வெரசா எடுங்க, என்னால முடியலங்க" என்றாள் செல்வி. அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமே இல்லாமல் அழுதேன்.

"குழந்தை வேலப்பா, ரெண்டு உசுரு உன்ன நம்பிக் கெடக்கு. நீ வந்து எடுய்யா!" என்று எங்கள் ஊர்க் கோயில் முருகனைக் கூப்பிட்டு, சாவியைப் பிடித்தபடியே கண்ணை மூடினேன்.

அந்த நேரம் செல்விக்கு அடுத்த வலி வந்தது. "அய்யோ முருகா!" என்று அலறிக்கொண்டு, கைக்கு எட்டிய ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். டக்கென்று ஒரு சத்தம். என் விரலுக்குள் சாவி திரும்பியது!

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. வள்ளி என்று பெயர் வைத்தோம்.

பெருமாள்மலை மெக்கானிக் பிறகு விளக்கினார். சரிவில் நிறுத்தும்போது முன்சக்கரத்தை மண்மேட்டுப் பக்கம் ஒடித்துவைப்பது மலைக்காரர்கள் பழக்கம். பிரேக்கை யார் நம்புவது? மழையில் வண்டி கொஞ்சம் இறங்கி, சக்கரம் மேட்டில் இறுகி, பூட்டையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஸ்டியரிங்கை இழுத்துக்கொண்டே சாவியைத் திருப்ப வேண்டுமாம். எனக்குத் தெரியாத அந்த வித்தையை வலியில் துடித்தவளுக்குச் சொன்னது யார்?

வள்ளி இப்போது திண்டுக்கல்லில் கல்லூரி படிக்கிறாள். ஊருக்கு ஆம்புலன்ஸும் வருகிறது. அந்த ஜீப்பை மட்டும் விற்க மனம் வரவில்லை. சும்மா ஏறி உட்கார்ந்தால் பூண்டு வாசம் இன்னும் அடிக்கும். சந்தைக்குப் போகும் வழியெல்லாம் செல்வி பக்கத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்த நாட்கள் கண்முன் வரும். வள்ளி பிறந்த அன்றிலிருந்து, பிரசவம் என்று யார் கதவைத் தட்டினாலும் சோற்றுக்கையைக் கழுவிவிட்டு நான் வண்டி எடுத்திருக்கிறேன்.

இதை எழுதும்போது செல்வி எட்டிப் பார்த்தாள். "இழுத்தது நானு, பேரு முருகனுக்கா?" என்று சிரித்தவள், அவளே போய் வேலப்பர் படத்துக்கு விளக்கும் ஏற்றினாள்.

அன்பர்களே, உங்களால் முடியாது என்று ஆகும்போது கூச்சப்படாமல் வாய்விட்டுக் கூப்பிடுங்கள். அவன் வருவான். யார் கையாக வருவான் என்றுதான் முன்கூட்டிச் சொல்ல மாட்டான்.