மாரி கேப்டனின் ஊர் வெடிக்கவில்லை

விதி எண் நான்கு, உட்பிரிவு இரண்டு இப்படிச் சொல்கிறது: ஒரு நாட்டில் ஒளிபரப்பான வடிவம் மூலத்திலிருந்து மாறுபட்டிருந்து, அந்த மாறுபாட்டை உறவினர் அல்லாத இருவர் உறுதி செய்தால், அதைத் தனிப் பக்கமாகச் சேர்க்கலாம். இது அரசாங்க விதி அல்ல. 'ஆல்டோரா' என்ற விண்வெளித் தொடரின் ரசிகர்கள் இணையத்தில் நடத்தும் கலைக்களஞ்சியத்தின் விதி. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கையில் வந்துபோன விதிகளில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டவை குறைவு. தெளிவான விதிகளுக்கு நேர்வதே இதற்கும் நேர்ந்திருந்தது: யாரும் அதைப் படித்திருக்கவில்லை.

மனைவி காலமான பிறகு, நாகப்பட்டினத்து வீட்டைப் பூட்டிவிட்டு, மலாக்கா மாநிலத்து ரெம்பியாவில் மகள் ஸ்டெல்லாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த வாரத்து வெள்ளிக்கிழமை, இருட்டும் நேரத்தில், வீடு திடீரென்று அடங்கியது. மருமகன் ஆல்பர்ட் கைப்பேசியை அணைத்தார். பேத்தி ஷேரன் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். சம்பந்தி ஆரோக்கியசாமி தலைசீவி, நடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் ஊரில் அது ஜெபமாலை நேரம். நானும் பனியனுக்கு மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து மணிமாலையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். தொலைக்காட்சியில் ஒரு கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவே மிதந்து வந்தது. "கப்பல் வந்துருச்சு" என்றார் சம்பந்தி. மணிமாலையை யாரும் பார்க்காதபடி பைக்குள் போட்டேன்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓடுகிறதாம் இந்தத் தொடர். இடையில் நிற்கும், ஆட்களை மாற்றிக்கொண்டு மறுபடி வரும், சினிமாவாகவும் வரும். கதை எளிது. தெரின் என்ற கிரகம் வெடித்து அழிகிறது. அந்த நேரத்தில் வெளியே போயிருந்த ஆல்டோரா என்ற கப்பலின் கேப்டன் மெரிக், தன் ஆட்களோடு இடம் தேடி அலைகிறார். அவ்வளவுதான் என்று நான் சொன்னால் ஷேரன் கோபித்துக்கொள்வாள். மலாக்கா டவுனில் கல்லூரியில் படிக்கும் அவள், அந்தக் கலைக்களஞ்சியத்தின் பதிவுகளைச் சரிபார்க்கும் ஆசிரியர்களில் ஒருத்தி. எந்தப் பகுதியில் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பது வரை அவளுக்குத் தெரியும். ஆல்பர்ட்டுக்கு அப்படி இல்லை. அவர் பொம்மைக் கப்பல்களை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைப்பார். கதை பேச மாட்டார். அது ஏன் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. சம்பந்திக்கோ கேப்டனின் பெயரே மெரிக் இல்லை. மாரி. நியாலாஸ் பக்கம் அவர் பிறந்த ரப்பர் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் மாரி கேப்டன்தான்.

அந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. மண்டபத்தில், பூட்டு போட்ட மர அலமாரிக்குள் இருந்தது, சாவி தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம். படம் ஆங்கிலத்தில் பேசும், கீழே மலாயில் எழுத்து ஓடும். பால்மரம் சீவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கு இரண்டும் தெரியாது. பட்டணத்து மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஆரோக்கியசாமியைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். பாதி முகம் திரைக்கும் பாதி முகம் சனங்களுக்குமாக உட்கார்ந்து, அவர் ஓடுகிற எழுத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். இப்படித்தான் மெரிக் மாரியானார், கப்பலின் வைத்தியர் மாரிக்கு மாமன் முறையானார். தெரின் கிரகம் வெடித்தபோது, ஆரோக்கியசாமி வெடித்ததாகச் சொல்லவில்லை. "ஊர் இருக்கு. வழிதான் தெரியல" என்றார்.

போன ஆண்டு புதிய படத்துக்கான முன்னோட்டம் வந்தது. அதில் தெரினின் எரிந்த துண்டுகளை நெருக்கத்தில் காட்டினார்கள். சம்பந்தி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் கீழே உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டி, கலைக்களஞ்சியத்தில் தாமே ஒரு வரி சேர்த்தார்: எங்கள் தோட்டத்தில் பார்த்தபடி ஊர் அழியவில்லை. சில நிமிடங்களில் அந்த வரி நீக்கப்பட்டு, நீக்கியதற்கான காரணமும் வந்தது: 'பொய்த் தகவல்.' நீக்கியவள் மாடி அறையில் இருந்தாள். கீழே இருந்து எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியாது. இரவுச் சாப்பாட்டில், யாரோ ஒரு கிறுக்கன் இப்படி எழுதியிருந்தான் என்று அவள் சிரித்துச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அந்தக் கிறுக்கன் நான்தான் லா" என்றார் சம்பந்தி.

ஷேரன் கரண்டியைக் கீழே வைத்தாள். "தாத்தா, சோரி. ஆனா சோர்ஸ் இல்லலா. ஸ்கிரீன்ல வெடிக்குதே. மானா போலே? எப்படி முடியும்?"

"வெடிச்சா வெடிக்கட்டும். நான் சொன்னது பொய்யா?"

"அப்பா," என்றார் ஆல்பர்ட், "பொய்தானே? நானும் அதை நம்பித்தானே ஸ்கூல்ல போயிச் சொன்னேன். எஸ்.பி.எம். பரீட்சை முடியிற வரைக்கும் என்னை மாரி மாரின்னுதான் கூப்பிட்டானுங்க. டீச்சர்கூட கூப்பிட்டாங்க."

சம்பந்தி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை நடு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு அடுத்த வாரமும்.

அவர் கேட்டது பெரிதில்லை. பக்கமும் வேண்டாம், பெயரும் வேண்டாம். பேத்தி எழுதிய 'பொய்' என்ற சொல் தன்மேல் நிற்கக் கூடாது. வீட்டில் இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசாமல் இருக்கும்போது விருந்தாளியாக இருப்பவனுக்குச் செய்வதற்கு அதிகம் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். விதிகளை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். உட்பிரிவு இரண்டைக் கண்டுபிடித்ததும் பழைய பசி வந்தது. 'பார்வை', 'பொருள்' எல்லாம் போட்டு, மண்டபத்தில் முக்காலியிலிருந்து சொல்லப்பட்டதும் ஒளிபரப்பின் ஒரு வடிவமே என்று வாதிட்டு, மேல்முறையீடு தயாரித்தேன். ஓர் ஆசிரியர் தன் குடும்பத்தார் மனுவைத் தானே தீர்க்கக் கூடாது என்று கடைசியில் ஒரு பத்தியும் சேர்த்தேன். ஷேரன் அதைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தியா தாத்தா, ஆபீஸ்ல உங்களைப் பாத்தா எல்லாரும் ஓடியிருப்பாங்க, இல்ல?"

"ஓடினாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஓட முடியும்" என்றேன். அவள் மனுவைப் பின்லாந்தில் இருக்கும் இன்னொரு ஆசிரியருக்கு அனுப்பினாள். அவர் ஒரே வரியில் கேட்டார்: சாட்சிகள் எங்கே?

முதலில் மண்டபத்தையாவது படம் எடுக்கலாம் என்று ஷேரன் காரை ஓட்ட, நானும் அவளும் நியாலாஸ் போனோம். சம்பந்தி வர மறுத்துவிட்டார். ரப்பர் மரங்கள் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்திருந்தது. அவள் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்க, நான் வாயிற்காவலரிடம் என் தமிழ் கலந்த மலாயில், இங்கே கப்பல் பார்க்கும் மண்டபம் எங்கே என்று கேட்டேன். மலாயிலும் கப்பலுக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தான். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, மேற்கே கை நீட்டினார். "லாவுட் ஜாவு, பாக்சிக்." கடல் தூரத்தில் இருக்கிறது, ஐயா. குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். மண்டபம் இருந்த இடத்தில் உரமூட்டைகளுக்கான கொட்டகை இருந்தது.

சாட்சி கடலோரத்தில்தான் கிடைத்தார். அஞ்சலையம்மாள், அந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், இப்போது கோலா சுங்கை பாருவில் மகன் வீட்டில் இருக்கிறார். இந்த முறை சம்பந்தியை வற்புறுத்தி வண்டியில் ஏற்றினோம். அந்த அம்மாள் வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"டிவிப் பொட்டிப் பக்கத்துல உக்காந்து வாய் வலிக்கப் பேசுவானே, அந்தச் சாமியாடா நீ?"

"ஆமாக்கா."

"கெழவனாயிட்டியே லா!"

"உங்களுக்கு மட்டும் வயசு நின்னுபோச்சாக்கும்."

ஷேரன் ஒலிப்பதிவைத் தொடங்கி, படத்தில் ஊர் வெடித்த நாளைப் பற்றிப் பணிவாகக் கேட்டாள். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு சொன்னா வெடிச்சுச்சுன்னு? பக்கத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. தீவாளி மாதிரி. ஊரு பின்னாடி அப்படியே இருந்துச்சு. நான் என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

"பாட்டி, ஸ்கிரீன்ல..."

"ஸ்கிரீன்லதான் பாத்தேங்கிறேன். நீ அப்ப பொறந்திருந்தியா?"

திரையில் தெரிந்ததை எழுதுவதுதான் ஷேரனின் வேலை. திரையையே பார்த்த சாட்சி எதிரே கருவாட்டுக் கையோடு நிற்கிறார். சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். திரும்பும் வழியில், யாரும் கேட்காமலே, முன்னிருக்கையிலிருந்து பேசினார்.

"அந்த வருசம்தான் சம்பந்தி, குடியுரிமை இல்லாம செவப்பு ஐ.சி. அட்டை வச்சிருந்தவங்களுக்கு வேலை பெர்மிட் இல்லைன்னு சொன்னது. நம்ம லயத்துலயே பாதி வீடு இந்தியாவுக்குப் போகச் சாமான் கட்டிக்கிட்டு இருந்தாங்க. அக்காவோட தம்பி கோவிந்தன் டிக்கெட்டைச் சட்டைப் பையில வச்சிக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருக்கான். எல்லாரும் என் வாயையே பாக்கிறாங்க. கப்பல் ஏறப் போறவங்ககிட்ட, போற ஊர் வெடிச்சிருச்சுன்னு எப்படிச் சொல்றது?"

ஷேரன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன் தாத்தா இதை முதல்லயே சொல்லல?"

"நீ சோர்ஸ்தான கேட்ட?"

அந்தக் கப்பல் போய்ச் சேரும் மறுமுனையை நான் பார்த்திருக்கிறேன். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நிற்கும், படகில் ஆட்களை இறக்குவார்கள். பள்ளி விட்டதும் நாங்கள் வேடிக்கை பார்க்கப் போவோம். தகரப் பெட்டி, கம்பளி, பிஸ்கட் டின் எல்லாம் இறங்கும். பிறகு அவர்கள் இறங்கி, யாரையோ தேடுகிற மாதிரி கரையைப் பார்ப்பார்கள். சிலரை அழைத்துப்போக ஆள் வந்திருக்கும். சிலர் வெயில் தாழும் வரை சுங்கக் கொட்டகை நிழலில் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் பின்தெருவில் குடிவந்த ஒரு குடும்பத்தை, அவர்கள் பெயர் தெரிந்த பிறகும் நாங்கள் மலாயாக்காரர்கள் என்றுதான் சொன்னோம். இங்கே ரெம்பியா சந்தையில் மீன்காரர் என்னை 'இந்தியா அங்கிள்' என்கிறார். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும் கவுன்டரில் தருகிற படிவத்தில், சொந்த ஊரில் என்னை யார் எதிர்பார்க்கிறார்கள் என்று எழுத இடம் கிடையாது. விதி வகுத்தவர் யோசித்துத்தான் விட்டிருக்கிறார்.

ஒரு சாட்சி போதாது. அந்தத் தோட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பதாக அஞ்சலையம்மாளுக்குத் தெரிந்தது தம்பி கோவிந்தன் மட்டும்தான். வேதாரண்யம் பக்கம் இருக்கிறார். அவருடைய மகனின் எண்ணை அந்த அம்மாள் கொடுத்தார். தீபாவளி கழிந்ததும், நடந்ததையெல்லாம் விளக்கி, ஒலிச்செய்தியாகப் பதில் கேட்டு அனுப்பினோம். பதில் இல்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கல் போயிற்று. நினைவூட்டு அனுப்பினேன். ஒரு நினைவூட்டுக்கும் அடுத்த நினைவூட்டுக்கும் நடுவே எவ்வளவு விடவேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதன்படி இரண்டாவதும் அனுப்பினேன். இதற்குள் ஷேரன், 'பொய்த் தகவல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'விசாரணையில் உள்ளது' என்று மாற்றியிருந்தாள். சம்பந்திக்கு அதைக் காட்டினேன். "நல்ல வார்த்தை" என்றார். ஆனால் நடு நாற்காலிக்குத் திரும்பவில்லை.

சீனப் பெருநாளின் இரண்டாம் நாள், விடுமுறை. பக்கத்துத் தெருவில் பட்டாசு. அது சாம்பல் புதனும்கூட. நாங்கள் எல்லோரும் கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்திருந்தோம். மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. ஷேரன் ஓடிவந்து எடுத்து, சத்தத்தை உயர்த்தி மேசை நடுவில் வைத்தாள். முதலில் இருமல். பிறகு, எங்கள் பக்கத்துப் பேச்சில் ஓர் எட்டும், தோட்டத்துப் பேச்சில் ஓர் எட்டும் வைத்து நடக்கிற ஒரு கிழக்குரல்.

"சாமி, நான் கோவிந்தன். நீ சொன்னது ஞாபகம் இருக்கு. ஊர் இருக்கு, வழிதான் தெரியலன்னு சொன்னே. கப்பல்ல வர்றப்ப ஒரு வாரமும் அதையேதான் பேசிக்கிட்டு வந்தோம். நீ பொய் சொல்லல சாமி. வந்து பாத்தேன். ஊர் இருந்துச்சு. எங்களைத்தான் யாருக்கும் தெரியல." கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். "இப்பவும் மலாயாக்காரர் வீடுன்னு கேட்டாத்தான் என் வீட்டைக் காட்டுவாங்க. அது கெடக்கட்டும். மாரி கேப்டன் போயிச் சேந்துட்டாரா, இல்லியா?"

சம்பந்தி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆல்பர்ட் அலமாரிக் கண்ணாடியைத் திறந்து, எதையும் எடுக்காமல், மறுபடி மூடினார். ஷேரன் செய்தியை இன்னொரு முறை ஓடவிட்டாள், பிறகு மடிக்கணினியைத் திறந்து, "தாத்தா, இங்க வந்து உக்காருங்க. அவருக்கு என்ன பதில் சொல்றது?" என்றாள்.

அவர் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். பாதி முகம் திரைக்கும், பாதி முகம் எங்களுக்குமாக.

"இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்காருன்னு சொல்லு."

அவள் அதை அனுப்பிவிட்டு, நியாலாஸில் சொல்லப்பட்ட வடிவம் என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் தொடங்கினாள். சாட்சிகளுக்கான இடத்தில் முதலில் அஞ்சலையம்மாளை எழுதினாள். கோவிந்தனின் பெயருக்கு எதிரே நாடு என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன போடுவது என்று என்னைப் பார்த்தாள். முறைப்படி இந்தியா என்றுதான் போடவேண்டும். விட்டுவிடு என்றேன். அதற்குக் கீழே இருந்த கட்டத்தை மட்டும் நான் சொல்லச் சொல்ல நிரப்பினாள்: இரண்டாம் சாட்சியின் பதில் பெறப்பட்ட நாள், பிப்ரவரி பதினெட்டு, புதன்கிழமை.